ஓட்டுநர் சீட்டில் பெரிய மாமா

ஹலோ... பெரிய மாமாவை என் சீட்டுல இருந்து எந்திரிக்கச் சொல்லு.

...ஆமா. உன் காதுல விழுந்தது சரிதான். எந்திரிக்கச் சொல்லு. எந்திரிச்சு, வண்டிய விட்டு இறங்கி, வீட்டுக்குள்ள வரச் சொல்லு.

...தெரியும்... தெரியும், தெரியும். மருமக வாயில வரக்கூடாத பேச்சு. கல்யாணத்தன்னிக்குத் திரைக்குப் பின்னாடி என்னை உட்கார வெச்சு உங்கம்மா சொல்லிக்குடுத்த முதல் பாடமே அதுதான். உட்கார்ந்த பெரியவரை எந்திரிக்கச் சொல்லாதே, வீடே தீப்பிடிச்சாலும் சொல்லாதே. சரி. சொல்லிட்டேன். வீடு அப்படியேதான் இருக்கு.

...நான்தான், வேற யாரு. சிர்கா. உன் பொண்டாட்டி. சமையல்கட்டு ஜன்னல்ல நிக்கிறேன். உன் பக்கத்துக் கண்ணாடியில பனி மூடியிருக்கு பாரு, அதைத் தேய்... கையால தேய், மேதெர்... இன்னும் கொஞ்சம்... ஆங். தெரியறேனா?... கை ஆட்டாதே. நான் உன்னை ரயில் ஏத்திவிட வரல.

...பேர் சொன்னா என்ன இப்போ? புருஷன் பேர், மாமனார் பேர், மாமனாரோட அண்ணன் பேர், எதையும் நான் சொல்லக்கூடாது. நீங்க மூணு பேரும் என் வண்டியில உட்கார்ந்திருப்பீங்க. யாரையாவது கூப்பிடணும்னா நான் எப்படிக் கூப்பிடறது? ஹாரன் அடிச்சா?

...வாயில என்ன?... போர்சோக். நல்லது. காலையில நான் பொரிச்ச மாவுத் துண்டு. வெண்ணெயும் தொட்டுக்கிறியா? சரி, முழுங்கிட்டுப் பேசு.

...எதுக்குப் போன் பண்றேனா? முற்றத்தைத் தாண்டினா நீ. எனக்கும் தெரியும். நான் நேர்ல வந்து சொன்னா அது அவமானம், நீ சொன்னா அது சேதி. அதுக்குத்தான் போன். இப்போ கேளு. மேல கராசாய்ல இருந்து சைரா அக்கா மறுபடி கூப்பிட்டாங்க. பசு விடியறதுக்கு முன்னாடியிருந்து முக்கிட்டிருக்கு. கன்னுக்குட்டியோட ஒரு கால் வெளிய தெரியுது, மூக்கு தெரியுது, இன்னொரு கால் உள்ள மடங்கிக் கிடக்கு. யாராவது கைய விட்டு அந்தக் காலை நிமிர்த்தணும். அந்த யாராவது நான்தான். சீக்கிரம் போகலேன்னா கன்னும் போகும், பசுவும் போகும். அவங்களுக்கு இருக்கறது அந்த ஒரு பசு.

...ஆமா, பாவம். நீ பாவம்னு சொன்னா கால் நிமிர்ந்துடாது.

...மாட்டாஸ்பத்திரி வண்டி எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு ஒரு வாரம் ஆச்சு... குதிரையா? கராசாய் ஏத்தத்துல பனி குதிரை வயிறு வரைக்கும் இருக்கு. போய்ச் சேர சாயங்காலம் ஆகும். நான் போறது பிரசவத்துக்கு, சாவுக்கு இல்ல... டாக்சிக்காரன் அந்த ஏத்தத்தைப் பார்த்ததும் மாமியார் வீட்டு ஞாபகம் வந்து திரும்பிடறான். ஏறக்கூடிய வண்டி இந்த ஊர்ல ஒண்ணுதான். அந்த ரஷ்ய ஜீப். எங்கப்பா எனக்குச் சீரா குடுத்தது. அதுல நீங்க மூணு பேரும் உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கீங்க.

...நீ குடிக்கலையா. சரி, ரெண்டு பேர் குடிக்கிறாங்க, நீ பார்த்திட்டிருக்க.

...மெதுவா ஏன் பேசுற?... அரைத் தூக்கமா. நல்லதாப்போச்சு. அரைத் தூக்கத்துல இருக்கிறவரை எழுப்பறது பாதி வேலைதான்.

...இல்ல. இல்ல. நான் கத்தல.

...இல்ல அத்தை, யாரோடயும் சண்டை இல்ல. உங்க பிள்ளைதான்... ஆமா, டீ இன்னும் வேணுமான்னு கேட்டேன்... கொதிக்குது, பார்த்துக்கறேன்... ஹலோ. இருக்கியா? உங்கம்மா என் முதுகுக்குப் பின்னாடி நின்னு மாவு பிசையறாங்க. மாவு நேத்தே பிசைஞ்சாச்சு. சும்மா பிசையறாங்க.

...என்ன ஒரு நாள்? மேதெர், நேத்தும் ஒரு நாள். முந்தாநாளும் ஒரு நாள். அந்தச் சூடு மெத்தைய நான் எதுக்கு அந்த சீட்டுல போட்டேன்? சொல்லு... உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. சீட்டோட உறையை நான் தனியா உரிச்சேன். பஞ்சுக்கு மேல மெத்தைய ஒட்டினேன், ஒரு சுருக்கம் விழாம. சுருக்கம் விழுந்தா அந்த இடத்துல மட்டும் கருகும்னு அதோட வந்த தாள்ல போட்டிருந்துச்சு. கம்பிய தரை விரிப்புக்கு அடியில இழுத்து, தனி ஃப்யூஸ் வெச்சு, சாம்பல் தட்டு இருந்த ஓட்டையில சுவிட்சை உட்கார வெச்சேன். விரல் நுனியில தோல் இல்ல. நீ வந்து பார்த்துட்டு என்ன சொன்ன? பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு சொகுசுன்னு சிரிச்ச.

...சிரிச்ச.

...போன குளிர்காலம் முழுக்க நான் அந்த சீட்டுல ஒவ்வொரு மாட்டுக் கொட்டகையா போனேன். ரெக்சின், ஐஸ் பாளம் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து ஒண்ணுக்குப் போகணும்னா சுவத்தைப் பிடிச்சுட்டு நிப்பேன். டாக்டரம்மா திட்டினாங்க. உங்கம்மா தினம் சொன்னாங்க, குளிர்ந்த இடத்துல உட்காராதே, குளிர் உள்ள ஏறினா பிள்ளை தங்காதுன்னு. சரின்னு உட்காருற இடத்தைச் சூடு பண்ணிக்கிட்டேன். இப்போ அந்தச் சூட்டுல உட்கார்ந்திருக்கறது யாரு? பெரிய மாமா. ஏன், அவருக்குப் பிள்ளை தங்கணுமா?

...என்ன?

...ஸ்பீக்கர்லயா இருக்கு?

...எப்போல இருந்து?

...சலாம் பெரிய மாமா. நல்லா இருக்கீங்களா? இடுப்பு எப்படி இருக்கு?... அப்படியா மாமா. சந்தோஷம் மாமா... குனிஞ்சு வணங்குறேன் மாமா. இங்க ஜன்னல்கிட்ட நின்னுதான், நெத்தி கண்ணாடியில இடிச்சிருச்சு, அந்தச் சத்தம்தான்... இல்ல இல்ல, அது பிள்ளையைப் பத்தி இல்ல மாமா, மாட்டைப் பத்தி பேசிட்டிருந்தோம்... ஆமா மாமா. மாட்டுக்கும் பெரிய மாமான்னு பேர் இருக்கு. நல்ல காளை அது.

...ஆமா மாமா... ஆமா... ஆமா மாமா. அந்தச் சிவப்பு விளக்கு எரியுதுல்ல, அது ரெண்டாவது அளவு... மூணாவது இல்ல மாமா. ரெண்டோட முடியுது... இடது பக்கம் சூடு கம்மியா வருதா? நீங்க கொஞ்சம் வலது பக்கமா சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கீங்கல்ல, அதனால... ஸ்டீரிங்குக்கும் போடலாம் மாமா, அதுக்கும் வருதுன்னு கேள்விப்பட்டேன்... காலுக்கு? காலுக்குத் தெரியல மாமா.

மாமா, ஒண்ணு சொல்லட்டுமா. உள்ள அடுப்பு நல்லா எரியுது. பெரியவங்க உட்காருற மேல் இடத்துல மெத்தை விரிச்சு வெச்சிருக்கேன். முதுகுக்குத் தலகாணி ரெண்டு... ஆமா மாமா. நீங்க உட்காருற இடம்தான் மேல் இடம், உண்மைதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த மேல் இடத்துக்கு முன்னாடி கியர் இருக்கு மாமா, அதை நான் கொஞ்சம்... பசு. சைராவோட பசு. கன்னு மாட்டிக்கிச்சு... அப்படியா? கூட்டுப்பண்ணையிலயா? நீங்களே கைய விட்டு எடுத்தீங்களா?... ரெண்டு தலை? ஒரே கன்னுக்கா... அப்புறம்?... அப்புறம் மாமா?... மாமா?

...மாமா?

...ஹலோ. யாரு? மேதெர்? என்ன ஆச்சு? ரெண்டு தலைக் கன்னு வெளிய வந்துச்சா இல்லியா?

...தூங்கிட்டாரா. முழுத் தூக்கம். அந்தச் சத்தம் எஞ்சின்னு நினைச்சேன். ஸ்பீக்கரை அணை. அணைச்சிட்டியா? காதுல வெச்சுப் பேசு. ஏன்டா, முதல்லயே சொல்ல மாட்டியா ஸ்பீக்கர்ல இருக்குன்னு? என் மானம் போச்சு. காளைக்கெல்லாம் உங்க பெரியப்பா பேரை வெச்சுட்டேன்.

...அவருக்குப் பிடிச்சிருந்துச்சா. காளைன்னதும் சிரிச்சாரா. சரி.

...அவர் நல்லவர், நான் எப்போ இல்லேன்னேன். உங்க வீட்டுலயே நான் டீ குடுத்தா என் முகத்தைப் பார்த்து நல்லா இருன்னு சொல்ற ஒரே ஆள் அவர்தான். அவர் இடுப்பு வலியும் நிஜம். நானே பார்க்கறேன்ல, குச்சி ஊனி கக்கூஸ் வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு தடவை நிக்கிறாரு. முதல் நாள் அவரை நானேதான் உட்கார வெச்சேன். மாமா, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க, இதமா இருக்கும்னு. கொஞ்ச நேரம்னுதான் சொன்னேன். எங்க வீட்ல அந்த வார்த்தைக்கு ஒரு முடிவு உண்டு.

நான் பண்ணின தப்பு வேற. வண்டி ஓட்டறவங்க உட்காருற இடம்தான் ஓட்டற சீட்டுன்னு நினைச்சுட்டேன். உங்க வீட்ல எது சூடா இருக்கோ அது மேல் இடம். மேல் இடம்னா மூத்தவருக்கு. மூத்தவர் உட்கார்ந்தா துணி விரிக்கணும். கியர் பெட்டி மேல துணியை விரிச்சீங்க. துணி விரிச்சா சாப்பாடு வைக்கணும். முந்தாநாள் உங்கப்பா ஆடு அறுத்தாரு. மூத்தவருக்கு ஆட்டுத் தலை. அதைத் தட்டோட எங்க வெச்சாரு? ஸ்டீரிங் மேல. நடு ஹாரன் மேல. அவர் ஆட்டுக் காதை அறுத்து முடிக்கிற வரைக்கும் ஹாரன் அலறிட்டே இருந்துச்சு. கல்யாண ஊர்வலம் வந்திருச்சுன்னு ஊரே கிளம்பி வந்துச்சு. வந்ததுல இடுப்பு வலிக்காரங்க யாரும் திரும்பிப் போகல. பார், இப்போ வேலியோரமா நிக்கிறாங்க. வரிசையில.

...சிரிக்காதே. நீ சிரிச்சா எனக்கும் வரும், அப்புறம் கோபம் போயிடும். எனக்குக் கோபம் வேணும்.

...பக்கத்து சீட்டுலயா? பக்கத்து சீட்டுக்குத்தான் இன்னொரு மெத்தை இருந்துச்சே. நரின் சந்தையில வாங்கினப்போ ஜோடியாத்தான் குடுத்தான். அதை உங்கப்பா ஆட்டுக் கொட்டகையில புதுசா பொறந்த குட்டிக்குப் போட்டாரு. குட்டி படுக்கல, தின்னுச்சு. கம்பியோட தின்னுச்சு. நான்தான் அதோட வாயில கைய விட்டு வெளிய இழுத்தேன். அந்தக் குட்டி இப்போ நல்லா இருக்கு. மெத்தைதான் இல்ல.

...இரு. இரு, சைரா அக்கா லைன்ல வர்றாங்க. வெச்சுடாதே.

அக்கா... சொல்லுங்க அக்கா... நின்னுட்டிருக்கா, படுத்திருச்சா?... எழுப்புங்க. எழுப்பி நிக்க வைங்க, மெதுவா நடத்துங்க. நடந்தா கன்னு கொஞ்சம் உள்ள போகும், அது நல்லதுதான்... இல்ல. கயிறு கட்டாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி, ஒரு காலைக் கட்டி இழுத்தா மடங்கின கால் கிழிச்சிரும். இழுக்காதீங்க. அவரைக் கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்லுங்க... வெந்நீர் வைங்க. சோப்பு இருக்கா? துணி துவைக்கிற சோப்பு போதும்... கன்னோட நாக்கு எப்படி இருக்கு? தொட்டுப் பாருங்க... வீங்கியிருக்கா. நிறம்?... விரலை வெச்சா உறிஞ்சுதா?... உறிஞ்சுதா? அப்போ உயிரோட இருக்கு. அக்கா, அழாதீங்க. அது உறிஞ்சுது அக்கா. நான் வர்றேன்... வண்டிதான், வண்டியிலதான்... கிளம்பிட்டேன்னு வெச்சுக்கங்க.

ஹலோ, மேதெர். கேட்டியா?... கேட்கலையா, அது வேற லைன். கன்னு உயிரோட இருக்கு. விரலை உறிஞ்சுதாம். பாதி வெளிய வந்து, மூக்கு வெளியில இருக்கு, இந்தக் குளிர்ல, அது விரலை உறிஞ்சுது. இப்போ எழுப்பு.

...தூங்கற பெரியவரை எழுப்பக்கூடாது. அது தனிச் சட்டம். முழிச்சிருந்தா எந்திரிக்கச் சொல்லக்கூடாது, தூங்கினா எழுப்பக்கூடாது. எப்போதான் அவரை நகர்த்தலாம்? சொல்லிடு, நான் காத்திருக்கேன். முழிச்சதுக்கும் தூங்கினதுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்கா?

...ஆசி சொல்லணும். அது தெரியும். கையை விரிச்சு ஆசி சொல்லி முகத்தைத் தடவினாத்தான் பந்தி முடியும், பந்தி முடியாம யாரும் எந்திரிக்க முடியாது. ஆனா அவர் கையை விரிக்கப் போறப்பல்லாம் உங்கப்பா கண்ணாடியத் தட்டி இன்னொரு கிண்ணம் டீ கேட்கறாரே? டீ வந்தா மறுபடி பந்தி ஆரம்பம். காலையில இருந்து இதுதான் நடக்குது. உங்க பந்திக்கு முடிவே கிடையாது, மேதெர். வசந்தம் வந்து பனி உருகி அவருக்கே வேர்த்தாத்தான் இறங்குவாரு.

...உங்கப்பாகிட்ட குடு... குடு, நான் மரியாதையாத்தான் பேசுவேன்.

சலாம் மாமா... ஆமா மாமா... ஆமா... சரி மாமா... இல்ல மாமா, நான் எந்திரிக்கச் சொல்லல, யாரும் யாரையும் எந்திரிக்கச் சொல்லல. நான் கேட்டது பசுவைப் பத்தி... ம்... ம்... ஓட்டலாமா? அவர் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும், நான் பக்கத்து சீட்டுல இருந்து ஸ்டீரிங்கைப் பிடிக்கணும். சரி மாமா. பெடலை யார் மிதிப்பாங்க?... பெரிய மாமாவா? தூங்கிட்டேயா?... ஆமா மாமா, அவர் டிராக்டர் ஓட்டினவர்னு தெரியும். பண்ணையிலேயே அவர்தான் முதல் ஆள்னு தெரியும். ஆனா டிராக்டர்ல தூங்கினா வயல்தான் மாமா, கராசாய் ஏத்தத்துல தூங்கினா ஆறு... ம்... இல்ல மாமா, நான் எதிர்த்துப் பேசல... படிச்ச திமிர் இல்ல மாமா... ஆமா மாமா. டீ அனுப்பறேன் மாமா.

...மேதெர்? உன்கிட்ட வந்தாச்சா?

...கேட்டியா அவர் சொன்னதை. படிச்ச திமிராம். ஆமா, திமிர்தான். எங்க வம்சத்துல பரம்பரையா மாடு மேய்ச்சோம், ஒருத்தரும் பட்டம்னு ஒண்ணைக் கையில வாங்கினதில்ல, நான்தான் முதல்ல வாங்கினேன், மாட்டு டாக்டர் பட்டம். எங்கப்பா அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டிட்டு, என்னைக் கூப்பிட்டு வெளிய நின்ன அந்த ஜீப்பைக் காட்டினாரு. ஊர் மாட்டையெல்லாம் மேய்ச்சு வாங்கினது. மலையில மாடு கன்னு போடுறப்போ டாக்டர் எப்பவும் மறுநாள்தான் வருவாரு, நீ அன்னிக்கே போன்னாரு. அன்னிக்கே போ. அவ்வளவுதான் அவர் சொன்னது. உங்க வீட்டுக்கு அது சீரா வந்தப்போ உங்க அத்தை என்ன சொன்னாங்க? சீர் மெத்தை அடுக்கு குள்ளமா இருக்கே, பொண்ணு வீட்ல பஞ்சுக்குப் பஞ்சமான்னாங்க. வண்டிய ஒரு கண்ணால கூடப் பார்க்கல. இப்போ அவங்களே வரிசையில நாலாவதா நிக்கிறாங்க. பச்சை சால்வை, அவங்கதானே?

...அஞ்சாவதா. சரி.

...பெட்ரோல் முள்ளு எங்க இருக்கு பாரு. பெரிய மாமா தாடிக்குப் பின்னாடி பாரு, தெரியும்... பாதிக்குக் கீழயா. நேத்து நிறைச்சேன் மேதெர். ஏத்தத்துக்குப் போயிட்டு வரணும்னு நிறைச்சேன். நின்ன இடத்துலயே எரிஞ்சிருக்கு, ஒரு இடுப்பைக் காய வைக்கறதுக்கு.

...இப்போ நேராக் கேக்கறேன். ஒரே தடவை கேக்கறேன். நீ அவர் தோளைத் தொட்டு, பெரியப்பா, என் பொண்டாட்டிக்கு வேலை இருக்கு, வண்டி வேணும்னு சொல்வியா?... அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம். பெரியப்பா, வண்டி வேணும். வண்டி வேணும்னு ரெண்டே வார்த்தை சொன்னாக்கூடப் போதும்.

...

...கண்ணாடியை ஏன் மறுபடி தேய்க்கிற?

...உங்கப்பா பார்க்கறாரா. அவர் பார்க்கறப்போ சொல்ல முடியாது. சரி. நீ கடைக்குட்டி, இந்த வீடு உனக்கு வரப்போறது, அதனால வீட்ல இருக்கறவங்க எல்லாரையும் நீ கேட்டு நடக்கணும். எனக்குப் புரியுது. நிஜமாப் புரியுது. கோபத்துல சொல்லல.

...இல்ல, அழல. வெங்காயம் உரிக்கிறேன்... வெங்காயம் இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?... ஓ. நீ பார்த்திட்டிருக்க.

சரி. பார்த்திட்டே கேளு. பெரிய மாமா எந்திரிக்க வேணாம்.

...வேணாம். யாரும் அவரை எந்திரிக்கச் சொல்ல வேணாம், எழுப்ப வேணாம், ஆசியும் இப்போ வேணாம், மெதுவா முழிச்சு சொல்லிக்கட்டும். அவர் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருக்கட்டும். சீட்டு வெளிய வரும்.

...சீட்டு. அவரோட சேர்த்து. நாலு போல்ட்டுதான். அதுல முன்னாடி ரெண்டு ஏற்கனவே என் பாக்கெட்ல இருக்கு.

...எப்போவா? கடைசியா டீ ஊத்த வந்தேனே, கதவைத் திறந்து, மருமக மாதிரி, மண்டி போட்டு, தலை குனிஞ்சு. அவ்வளவு நேரம் குனிஞ்சு இருந்தேன்னு உங்கப்பா கூட சந்தோஷப்பட்டாரே. வளர்ப்புன்னா இதுன்னாரே. அப்போதான். பின்னாடி ரெண்டை வண்டிக்கு அடியில படுத்துக் கழட்டலாம். கொஞ்சம் துரு, ஆனா நேத்தே எண்ணெய் விட்டுட்டேன்.

...இல்ல, இது இப்போ எடுத்த முடிவு இல்ல. இந்தப் போனே ஒரு மரியாதைக்குத்தான் பண்ணேன். நீ சொல்லிடுவியோன்னு பார்த்தேன்.

...கேளு, குறுக்க பேசாதே. உள்ள மேல் இடத்துல அடுப்புக்குப் பக்கத்துல பழைய லாரி பேட்டரி ஒண்ணு வெச்சிருக்கேன். கம்பி நீட்டி வெச்சிருக்கேன். சீட்டைக் கொண்டுவந்து வெச்சு ரெண்டு முனையையும் மாட்டினாப் போதும், சிவப்பு விளக்கு எரியும், ரெண்டாவது அளவு. அவர் முழிச்சா வீட்டுக்குள்ள இருப்பாரு, மேல் இடத்துல இருப்பாரு, சூட்டுலயே இருப்பாரு. எந்தச் சட்டமும் உடையல. நீ பின்னாடி பிடி, உங்கப்பா முன்னாடி பிடிக்கட்டும், வேலியோரம் நிக்கிறவங்களைக் கூப்பிடு, அவங்களும் ஒரு கை குடுக்கட்டும். தூக்கறப்போ சாய்க்காதீங்க. மடியில கிண்ணம் இருக்கு.

...நான் எதுல உட்காருவேனா? பால் கேன் இருக்கு, பெரியது. மூடி போட்டு நிமிர்த்தி வெச்சா உயரம் சரியா வருது, அளந்துட்டேன். அதுக்கு மேல போட மெத்தை எடுத்துக்கிட்டேன்.

...ஆமா அத்தை. நான்தான் எடுத்தேன்... விருந்தாளிக்குன்னு வெச்ச மெத்தைன்னு தெரியும் அத்தை, அடுக்குல மேல இருந்தது. அதை எங்கம்மா தைச்சாங்க... விருந்தாளி வந்தா நீங்க ஒண்ணு குறைவா விரிங்க... குளிரும்தான். குளிர்ந்தா குளிரட்டும். பிள்ளை தங்கறதை அப்புறம் பார்க்கலாம், இப்போ ஒரு கன்னு தங்கணும்.

...ஹலோ. இல்ல, உங்கம்மாகிட்ட பேசினேன். அவங்க உட்கார்ந்துட்டாங்க. தண்ணி குடுத்துட்டேன்.

...திரும்பி வருவேனா? வருவேன், என் பெட்டியெல்லாம் இங்கதானே இருக்கு. ஆனா அந்த சீட்டை மறுபடி வண்டியில மாட்ட மாட்டேன். அது பெரிய மாமாவுக்கு. நான் மனசாரத்தான் குடுக்கறேன், அவர்கிட்ட சொல்லு. இனிமே என் வண்டியில ஓட்டறவங்களுக்கு ஒரு பால் கேன். அதுல உட்காரணும்னு எந்தப் பெரியவருக்கும் ஆசை வராது.

...வேணாம். நீ வர வேணாம். நீ வந்தா முன்னாடி உன்னை உட்கார வைக்கணும், அப்புறம் உனக்கு ஏதாவது குடிக்கக் குடுக்கணும்.

...விளையாட்டுக்குச் சொன்னேன். பாதி.

...பையை எடுத்துட்டேன், சோப்பு எடுத்துட்டேன், கையுறை இருக்கு. தலைத்துணியை அவிழ்த்து இடுப்புல கட்டிட்டேன், குளிர் அங்கதான் ஏறுது. கதவைத் திறக்கறேன், மேதெர். உங்கப்பாகிட்ட சொல்லி வெச்சுடு, மருமக வர்றா, இந்தத் தடவை டீ இல்லேன்னு. நீ இறங்கி அவர் தோளை மெதுவாப் பிடிச்சுக்கோ, அவ்வளவு செஞ்சாப் போதும். வெச்சுடறேன். வண்டிக்கு அடியில படுக்கறதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேணும்...